செண்பகத்துக்குக் கட்டிய மேடை

எஸ்டேட் ஜீப்பில் எத்தனையோ லோடு ஏற்றியிருக்கிறேன். இன்றைக்கும் மனசை அரிப்பது ஏலக்காய் லோடு இல்லை, சிமெண்டு மூட்டை. ஐம்பதுகளில் போடிமெட்டு மலை ரோட்டு வளைவுகளில் வண்டி ஓட்டியவனுக்குத்தான் அந்தப் பாடு தெரியும். பவர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு தோள் வலிக்கிறது என்கிற தம்பிகளே, கேளுங்கள்.

வெள்ளைக்காரத் துரையிடமிருந்து அந்த எஸ்டேட்டை வாங்கியவர், போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருந்த எங்கள் முதலாளி. பழைய பங்களாத் தோட்டத்தையும் மரங்களையும் பார்க்கக் கோடையில் விருந்தாளிகள் வருவார்கள். அவர்களை ஏற்றிவந்து சுற்றிக் காட்டுவதும் என் சோலிதான். கடைசியில் எல்லோரும் வந்து நிற்பது பங்களாவுக்குப் பின்னால் நின்ற காட்டுச் செண்பகத்தின் அடியில். துரையின் தாத்தா பிறப்பதற்கு முன்பே முளைத்த மரம் அது.

முதலாளியின் மனைவிக்கு முழங்காலில் வாதம். போடி வீட்டில் அடுப்படியை விட்டால் அந்த அம்மாவுக்குப் போக்கிடம் கிடையாது. மலைக்கு வந்தால் நேரே செண்பகத்தடிதான். தரையில் உட்கார்ந்தால் எழ முடியாது என்பதால் நின்றபடியே அண்ணாந்து பார்ப்பார்.

"இந்தா, உனக்கு ஒரு மேடை கட்டித் தர்றேன். ராணியாட்டம் உக்காரு" என்றார் முதலாளி.

"எனக்கெதுக்குங்க மேடை?" என்றார் அம்மா. முகமெல்லாம் சிரிப்பு.

எங்கள் பக்கம் மரத்துக்கு மரியாதை என்றால் மேடை கட்டுவதுதான். போடிக்குப் பக்கத்துச் சிலமலையிலிருந்து கொத்தனார் வந்தார். அடிமரத்தைச் சுற்றி இடுப்புயரத்துக்குக் கல் வைத்து, உள்ளே மண் நிரப்பி, மேலே நான் ஏற்றி வந்த சிமெண்டைப் பூசினார். அம்மா காலை நீட்டி உட்கார்ந்து வெற்றிலை போட்டார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததே இல்லை.

இரண்டு மழைக்காலம் போயிற்று. உச்சிக்கொப்பு காய்ந்தது. பிறகு கீழ்க்கொப்புகளும் இலையைக் கொட்டின. முதலாளி உரம் வைத்தார், சாணியைக் கரைத்து ஊற்றினார், பூசாரியைக்கூடக் கூட்டி வந்தார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் மேடையை ஒரு பக்கம் உடைத்தோம். உள்ளே மண் சொதசொதவென்று கிடந்தது. கொத்தனார் கை வைத்ததும் அடிமரத்துப் பட்டை உரிந்துகொண்டு வந்தது. உள்ளே அழுகல் நாற்றம்.

"நம்மூரு அரசமரமெல்லாம் மேடைக்குள்ளதான தலைமுறையா நிக்குது! இது ஏண்ணே இப்பிடி?" என்றார் கொத்தனார், அழாத குறையாக.

கீழ்நாட்டு மரம் வேறு, மாதக்கணக்கில் நனைகிற மலையில் நிற்கிற மரம் வேறு. அது எங்களுக்கு உறைத்தபோது காலம் கடந்துவிட்டது.

பங்களா மேல் சாயும் என்று மரத்தை வெட்ட ஏற்பாடாயிற்று. அதற்கு முன் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றார் அம்மா. ஏற்றிப் போனேன். முதலாளி வரவில்லை.

"உக்காருங்கம்மா, கால் வலிக்கும்" என்றேன்.

"வேணாம்ப்பா. நின்னே பாத்துருக்கலாம். எனக்காகத்தான கட்டுனாக" என்றவர், சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் மலைக்கே வரவில்லை.

ஒன்றுக்கு நல்லது செய்யக் கிளம்பும் முன், அது எதனால் நன்றாக இருக்கிறது என்று கொஞ்ச நாளாவது பார்க்க வேண்டும். வண்டியானாலும் மரமானாலும் அப்படித்தான்.

மரத்தை வெட்டிய பிறகும் விருந்தாளிகள் வந்தார்கள். பாதி உடைந்த மேடையைப் பார்த்துவிட்டு, "இங்க என்ன சாமி இருந்துச்சு?" என்று கேட்பார்கள், சிலர் செருப்பைக்கூடக் கழற்றுவார்கள்.

"சாமி இல்லீங்க, மரம்" என்பேன்.