கஞ்சிக்கு அங்கே லுகாவ்

என் மூத்த பேரன் சென்னையில் எஞ்சினியர். அடுத்தவள் பேங்க் பரீட்சையில் பாஸ். கடைக்குட்டி கவிதா பிலிப்பைன்ஸில், செபு என்ற ஊரில் டாக்டருக்குப் படிக்கிறாள்.

அஞ்சாவது வரை படித்த நானும் இன்று ஒன்றில் பாஸாகிவிட்டேன்.

அந்த ஊர்ப் பாஷை செபுவானோ. பிள்ளை ஒழுங்காகச் சாப்பிடுகிறாளோ என்ற கவலையில் யூடியூப் பார்த்தேன். காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் தினமும் ஒரு வார்த்தை எழுதிப் படித்தேன். சோறு கான்ஓன். தண்ணீர் துபிக். மீன் இஸ்தா. கஞ்சி லுகாவ்.

இன்று மதியம் வீடியோ காலில் வந்தாள். காய்ச்சலில் முகம் வாடியிருந்தது.

"சாப்பிட்டியா தாயி?"

"வயிறு முட்ட சாப்பிட்டேன் அப்பத்தா."

அவள் தங்கியிருக்கும் வீட்டுக்கார அம்மா பின்னால் நின்றார். அவரிடமே கேட்டேன், "நிகாஓன் நா சியா?" சாப்பிட்டாளா என்று அர்த்தம்.

"வாலா பா!" இன்னும் இல்லையாம்.

கவிதா திகைத்துப்போனாள். "இதெல்லாம் எப்ப படிச்சீக?"

"நீ பொய் சொல்லப் படிச்சப்பத்தாம்டி."

"லுகாவ், பாலிஹுக்", தயவுசெய்து கஞ்சி கொடுங்கள் என்று அந்த அம்மாவிடம் கேட்டுக்கொண்டேன். அவர் சிரித்தபடி உள்ளே போய்க் கஞ்சிக் கிண்ணத்தோடு வந்தார். கவிதா குடித்து முடிக்கும்வரை நான் போனை வைக்கவில்லை.

கடைசி வாய்க்கு, "லாமி, அப்பத்தா" என்றாள். ருசி என்று அர்த்தமாம். அந்த வார்த்தையை அவள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

கவிதா, இதைப் படித்தால், நாளைக்குச் சாப்பிடும்போது புதுசாக ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு தாயி. நீ சிரிக்காவிட்டாலும் பரவாயில்லை, தட்டு தெரியவேண்டும்.