துண்டுக்குள் மாறிய விரல்

குன்னத்தில் எடைமேடை வைத்திருக்கும் அங்கமுத்து, மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். மாட்டுச் சந்தைத் தரகராக, கையைத் துண்டால் மூடி, வெளியாள் பார்க்காமல் அதற்குள் விரல் பிடித்து விலை பேசியே முன்னுக்கு வந்தார். அவர் போட்ட எடையில் குறை சொன்னவன் இந்தச் சீமையில் இல்லை. இதை அவரே எல்லாரிடமும் சொல்வார். சொன்னால் என்ன, பொய்யா?

அப்படிப்பட்டவரின் மேடையில் அன்று மக்காச்சோள லாரிகள் ரோடு வரை நின்றன. எடை சரியாகத்தான் விழுந்தது. ஆனால் சோளத்தை வாங்கும் கோழித்தீவன ஆலையின் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரவில்லை. சேர்ந்தால்தான் அங்கே கேட் திறக்கும்.

ஆலை மேனேஜர் போனில் கறாராகப் பேசினார். "உங்க மெஷின் பழசுங்க. சாயங்காலத்துக்குள்ள சரியாகலன்னா லாரிய வேற மேடைக்குத் திருப்பிடுவோம். அப்புறம் எப்பவுமே அங்கதான்."

பழசா! அங்கமுத்துவுக்குக் காது சிவந்தது.

பெரம்பலூரிலிருந்து கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் சண்முகப்பிரியா வந்து திரையைப் பார்த்தாள்.

"ஒங்க லைப்ரரி பழைய வெர்ஷன் ஐயா. ஆலையில நேத்து புதுசு ஏத்திட்டாங்க."

"எடை போடறவனுக்கு எதுக்கும்மா லைப்ரரி? நான் என்ன பொஸ்தகம் படிச்சா முன்னுக்கு வந்தேன்?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அந்த லைப்ரரி இல்லைங்கய்யா. வெளியாளு பாக்காம எடைய மறைச்சு அனுப்புற புரோகிராம். மொதல்ல ரெண்டு கம்ப்யூட்டரும் கை குடுத்துக்கணும். ஒங்க கைய அது தொட மாட்டேங்குது."

"துண்டுக்குள்ள வெரல் புடிக்கிறாப்லயா?"

"அதேதாங்க."

"அப்ப எதுக்கு மாத்துனானுவ?"

"பழைய வெரல திருடனுங்க படிச்சுட்டாங்க. கொஞ்ச நாள் பழசும் புதுசும் சேந்தே ஓடுச்சு. இந்த வெர்ஷன்ல பழச எடுத்துட்டாங்க. முன்னாடியே அறிவிச்சிருக்காங்கய்யா."

"யாருகிட்ட?"

"நெட்ல. இங்கிலீஷ்ல."

அங்கமுத்து மேனேஜருக்குப் போன் போட்டார்.

"தம்பி, சந்தையில நாங்களும் வெரல மாத்தியிருக்கோம். வெளியாளு கண்டுபுடிச்சுட்டா மாத்தத்தான் வேணும். ஆனா ஒவ்வொரு தரகன் கையையும் புடிச்சுக் காட்டிட்டுத்தான் மாத்துவோம். சொல்லாம மாத்திப்புட்டு என் கைய பழசுங்குறியே, இது என்ன யாவாரம்?"

மேனேஜர் பேச்சில் இறங்கி வந்தார். "சரிங்க, ஒங்களுக்கு மட்டும் இன்னைக்குப் பழைய வழிய தொறந்துவுடச் சொல்றேன்."

"திருடன் படிச்ச வெரலு எனக்கு எதுக்கு? புதுசயே புடிக்கிறேன். அதுவரைக்கும் ஒரு லாரி திரும்பக் கூடாது!"

பழைய கம்ப்யூட்டர் புதுசைத் தாங்காது என்று சண்முகப்பிரியா தன் லேப்டாப்பிலேயே அதை ஏற்றினாள். மேடையின் வயரைப் பிடுங்கி அதில் சொருகினாள். முதல் லாரி ஏறியது. திரையில் பச்சை விழுந்தது. வெயில் தாழும் முன்பே ஆலை கேட் திறந்துவிட்டதாக டிரைவரின் போன் வந்தது.

மேனேஜரிடமிருந்து 'ஓகே' என்று மட்டும் வந்தது.

"ஒரு மன்னிப்பு வந்துச்சா பாரும்மா!"

"அதுக்கு அடுத்த வெர்ஷன் வரணுங்கய்யா."

அவர் சிரிக்கவில்லை. மறுபடி மேனேஜரைக் கூப்பிட்டார். "அடுத்த தடவ மாத்துறதுக்கு முன்னாடி எனக்குப் போன் பண்ணு. தமிழ்ல பண்ணு." பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டு, அடுத்த லாரிக்குக் கையைக் காட்டினார்.