அரசருக்கு நான் ஒட்டிய மரண அறிவித்தல்

பாரிஸில் ரூ லூயி-பிளாங்க் தெருவில் கொத்துரொட்டி போடுகிறவனுக்கு ஆபிரிக்க அரியாசனத்தோடு என்ன வேலை என்று கேட்பீர்கள். ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் ஒரு மனிதனின் அரியாசனத்தைப் பறிக்கப் பார்த்தவன் நான்.

எங்கள் கடையில் கோப்பை கழுவுகிறவன் நைஜீரியாக்காரன். அங்கே ஒரு சின்ன இராச்சியத்தின் அரசருக்கு மூத்த மகன். முதன்முதலில் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தேன். "இஞ்சை வாற எல்லாரும் ஊரிலை ராசாதான்" என்றேன். அவன் கோபிக்கவில்லை. போனில் தகப்பனின் படத்தைக் காட்டினான். வெள்ளை உடுப்பு, கழுத்து நிறையப் பவளம், தலையில் மணிமுடி. மூக்கு அச்சொட்டாக இவனுடைய மூக்கு. ஆசையாகக் கேட்டேன் என்று அந்தப் படத்தை எனக்கும் அனுப்பிவைத்தான். நாங்கள் பேசுவது உடைந்த பிரெஞ்சு. இரண்டு வருடம் ஒரே அடுப்படியில் நின்ற பிறகு அது என் காதில் தமிழாகத்தான் விழும். என்னை 'அண்ணை' என்றுதான் கூப்பிடுவான்.

ஒரு திங்கட்கிழமை காலை, வெங்காய மூட்டைமேல் போனோடு குந்தியிருந்தான். முகம் செத்துப்போயிருந்தது. நான் விட்டால்தானே! நச்சரித்து நச்சரித்துக் கேட்டேன்.

"அப்பா போயிட்டார் அண்ணை. ஒருத்தருக்கும் சொல்லாதையுங்கோ."

அவ்வளவுதான். முதலாளியிடம் மூன்று நாள் லீவு கேட்டுக்கொண்டு பயண அலுவல் பார்க்கப் போய்விட்டான்.

சொல்லாதையுங்கோ என்றால் என்ன அர்த்தம்? எங்கள் ஆட்களும் செத்த வீட்டில் "ஒண்டும் செய்ய வேண்டாம்" என்றுதான் சொல்வார்கள். கேட்டுவிட்டுச் சும்மாவா இருக்கிறோம்? எங்கள் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் ஒரு தமிழன் கண்ணை மூடினால் பொழுதுபடமுன் கடைக் கதவுகளில் படத்தோடு அறிவித்தல் வந்துவிடும். இவனுடைய தகப்பனுக்கு ஒரு தாள்கூட இல்லையென்றால் நாங்கள் என்ன மனிதர்? ரூ பெர்தொனேயில் அச்சடிக்கிற தம்பியிடம் போனேன். "ராசாவுக்குக் கறுப்பு வெள்ளையோ? கலரிலை அடி" என்றேன். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, சுற்றிவர ரோசாப்பூ, நடுவில் அரசர். பிறந்த திகதியும் இறந்த திகதியும் தெரியாததால் விட்டாயிற்று. எல்லாம் தமிழில்தான். முதல் தாளை எங்கள் கடைக் கண்ணாடிக் கதவிலும் மற்ற ஐந்தைத் தெருவிலும் ஒட்டினேன். பொய் சொல்லவில்லை, பெருமையாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை மத்தியானச் சனம் கலைந்த நேரம் அவன் வந்தான். கதவைப் பார்த்தவன் அப்படியே நின்றான். பிறகு பாய்ந்து கிழித்தான். ஒட்டிக்கொண்டிருந்ததை நகத்தால் சுரண்டினான்.

நன்றி சொல்வான் என்று காத்திருந்த எனக்குச் சுர்ரென்று ஏறியது. "என்னடா, உனக்கெண்டு செய்ததுக்கு..." என்று தொடங்கினேன்.

"எத்தினை ஒட்டினீங்கள் அண்ணை?"

மற்றவற்றைக் கிழிக்க ஓட்டமும் நடையுமாகப் போகிற வழியில்தான் மூச்சு வாங்கச் சொன்னான். அவர்கள் வழக்கத்தில் அரசர் இறந்துவிட்டார் என்று எவரும் வாயால் சொல்லக்கூடாது. உள்ளே சடங்குகள் முடிந்து பிரதானிகள் ஊருக்கு அறிவிக்கும்வரை அவர் உயிரோடுதான் இருக்கிறார். அவருக்குச் சாப்பாடு போகும், வாசலில் வணக்கம் சொல்வார்கள். அடுத்த அரசனைத் தெரிவுசெய்வதும் அந்தப் பிரதானிகள்தான். அவர்கள் அறிவிப்பதற்கு முன் எந்த மகனால் சாவு வெளியே வந்ததோ, அந்த மகன் தகப்பனின் முகத்தைப் பார்க்கவும் முடியாது, அவருடைய ஆசனத்தில் இருக்கவும் முடியாது.

"உங்களுக்குச் சொன்னதே பிழை" என்றான். என்னைத் திட்டியிருந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

நான்கைக் கிழித்தோம். ஐந்தாவது ரூ து ஃபொபூர் சேன்-தெனியில், போன் கடைச் சுவரில். அங்கே தாள் இல்லை, பசைத் தடம்தான் இருந்தது. உள்ளேயிருந்த ஐயா எட்டிப் பார்த்தார்.

"உங்கடை ராசா படமோ தம்பி? மஞ்சள் தொப்பி போட்ட ஆபிரிக்கப் பெடியன் ஒருத்தன் பக்குவமா உரிச்சுக்கொண்டு போனவன்."

மஞ்சள் தொப்பி என்று நான் பிரெஞ்சில் சொன்னதும் அவன் சுவரைப் பிடித்துக்கொண்டான். அது அவனுடைய சித்தப்பா மகன். பாரிஸில் பார்சல் கொண்டு திரிகிறவன். இவன் விலக்கப்பட்டால் ஆசனம் அடுத்ததாக அவனுக்கு.

திரும்பி வந்தால், மஞ்சள் தொப்பி எங்கள் கடைக்குள்தான் இருக்கிறது. மேசையில் தாள் விரித்தபடி, பக்கத்தில் போன். தாளைப் படம்பிடித்து, அனுப்பும் இடத்தில் விரலை வைத்திருந்தான்.

"இதென்ன?" என்று தமையனிடம் பிரெஞ்சில் கேட்டான், எல்லோருக்கும் கேட்கட்டும் என்று.

நான் முந்திக்கொண்டேன்.

"பிறந்தநாள் வாழ்த்து! நான்தான் ஒட்டினனான். எங்கடை ஆக்கள் இப்பிடித்தான் ஒட்டுவம். ராசா எண்டால் சும்மாவே?"

"பிறந்தநாளெண்டால் ஏன் கதவிலை இருந்ததைச் சுரண்டினீங்கள்?"

"முதலாளி கத்தினவர், கண்ணாடி பழுதாகுமெண்டு."

மஞ்சள் தொப்பிக்காரன் தாளைத் தூக்கிக்கொண்டு நேரே கல்லாவுக்குப் போனான். முதலாளி முன்னால் வைத்தான். "வாசியுங்கள்."

முதலாளிக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். உப்புக்கும் சண்டை, உறைப்புக்கும் சண்டை. கதவில் ஒட்டிய அன்றே அவர் அதை வாசித்து "ஐயோ பாவம்" என்றவர். வழக்கம் கிழக்கம் ஒன்றும் அவருக்குத் தெரியாது. மூக்குக்கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். போட்டார். என்னைப் பார்த்தார். கடவுளே, இந்த மனிசன் இன்றைக்கென்று நேர்மையாக இருக்கப்போகிறாரே என்று பயந்தேன். 'மரண அறிவித்தல்' என்ற எழுத்தின் கீழே விரலை வைத்தார்.

"பிறந்தநாள் நல்வாழ்த்துகள்" என்று பிரெஞ்சில் மெதுவாக வாசித்தார். "ராசா நூறு வருசம் வாழவேணும். கீழை எங்கடை கடைப் பேர்."

சொல்லிவிட்டு அலுமாரியைத் திறந்து ஒரு தட்டு லட்டு எடுத்து நீட்டினார். தாளை மடித்துத் தன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

சித்தப்பா மகன் லட்டைத் தொடவில்லை. தட்டைத் தமையன் பக்கம் தள்ளினான்.

"நீதானே மூத்தவன். நீ முதல் சாப்பிடு. பெரியப்பா எப்பிடி இருக்கிறார்?"

மூத்தவன் ஒரு லட்டை எடுத்தான். முழுதாக வாய்க்குள் போட்டான். சிரித்தான். அந்த மாதிரிச் சிரிப்பை நான் இனி ஒருவரிடமும் பார்க்கக்கூடாது.

"சுகமா இருக்கிறார். நேற்றும் கதைச்சனான். மாம்பழம் கேட்டவர், வைத்தியர் வேண்டாமெண்டதாலை அம்மாவோடை சண்டை."

சித்தப்பா மகன் அவனுடைய முகத்தைப் பார்த்தான். பிறகு தானும் சிரித்தான். போனை எடுத்து எங்கள் முன்னாலேயே அந்தப் படத்தை அழித்தான். தங்கள் மொழியில் ஏதோ சொல்லித் தமையனின் தோளைத் தட்டிவிட்டு, ஒரு லட்டையும் எடுத்துக்கொண்டு வெளியேறினான்.

முதலாளி கதிரையில் தொப்பென்று இருந்தார். நான் சமையலறைக்குள் ஓடினேன். அவன் கோப்பைத் தொட்டியைப் பிடித்தபடி நின்றான்.

"ஆசனம் தப்பிச்சுதடா" என்றேன். "என்னை மன்னிச்சுக்கொள்."

"மாம்பழக் கதை உண்மை அண்ணை. போன மாசம் சொன்னவர்." ஒரு கோப்பையை எடுத்துத் தண்ணீரில் பிடித்தான். "அந்த லட்டு வாயிலை இருக்கிறவரைக்கும் எனக்கு அப்பா இருந்தவர்."

அறிவிக்கும்வரை மகன் அழவும் கூடாதாம். அவன் அழவில்லை. நான்தான் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன்.