வியட்நாமில் ஒரு நோன்புக் கயிறு

தீபாவளி டூருக்குச் சமைக்கப் போகிறவன் வீட்டில் தீபாவளி கிடையாது. எங்கள் தொழிலின் முதல் விதியே இதுதான். நல்ல நாளில் டியூட்டி பார்க்கும் நர்ஸம்மாக்களே, பஸ் டிரைவர்களே, ஏ.டி.எம். வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலாளிகளே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

நான் காஞ்சிபுரம் பக்கத்து ஐயம்பேட்டைக்காரன். கல்யாணத்துக்கும் சமைப்பேன், காரியத்துக்கும் சமைப்பேன். காஞ்சிபுரத்தில் டிராவல்ஸ் வைத்திருக்கும் பாஷா பாய் வருஷா வருஷம் தீபாவளிக்கு ஒரு வெளிநாட்டு டூர் போடுவார். எந்த நாட்டுக்குப் போனாலும் நம் ஆட்களுக்குக் காலையில் இட்லி வேண்டும் என்பதால் என்னையும் கூட்டிப்போவார். வருகிறவர்களில் இரண்டு ரகம். லீவு கிடைத்ததே என்று வருபவர்கள் ஒன்று. அந்த வருஷம் வீட்டில் சாவு விழுந்திருக்கும், பண்டிகை கிடையாது, தெருவே வெடி வெடிக்கும்போது கதவைச் சாத்திக்கொண்டு உட்கார முடியாமல் கிளம்பி வருபவர்கள் இன்னொன்று. இவர்களை நான் சாப்பாட்டிலேயே கண்டுபிடித்துவிடுவேன். இனிப்பு பக்கம் கையே போகாது. போன தீபாவளிக்கு வியட்நாம் போனபோது இரண்டு ரகமும் ஒரே பஸ்ஸில் வந்தது.

பூ டப்பா

சென்னை ஏர்போர்ட் வாசலில் சட்டி பானைகளை எண்ணிக்கொண்டிருந்தபோது சரஸ்வதியம்மாவைப் பார்த்தேன். சின்ன காஞ்சிபுரத்தில் தறி வைத்திருக்கும் குடும்பம். கூட அவர்கள் மருமகள் நித்யா. அந்தப் பெண்ணின் கல்யாணப் பந்திக்கு நான்தான் சமைத்தேன். பங்குனியில் அவள் புருஷன் முசரவாக்கம் ரோட்டில் லாரியில் அடிபட்டுச் செத்தபோது, கருமாதிச் சாப்பாடும் நான்தான். ஒரே வீட்டுக்கு இரண்டையும் சமைப்பது போல இந்தத் தொழிலில் கொடுமை வேறு கிடையாது.

அப்படிப்பட்ட பெண் அன்று தலை நிறைய மல்லிகையும் நெற்றியில் குங்குமமும் வைத்துக்கொண்டு நின்றாள். நான் திகைத்துப்போனது முகத்தில் தெரிந்துவிட்டது போல. சரஸ்வதியம்மா என்னை ஓரமாகக் கூப்பிட்டார். கையில் ஈரத்துணி சுற்றிய எவர்சில்வர் டப்பா. ஒரு வாரத்துக்கான பூ. மாமனார் வரவில்லை, மகன் படத்துக்கு விளக்கேற்ற வீட்டிலேயே இருந்துவிட்டார். மற்றவர்கள் எல்லாம் ஆற்காடு, அரக்கோணம் பக்கத்து ஆட்கள், தெரிந்தவர் யாருமில்லை என்று பாஷா பாயிடம் நன்றாக விசாரித்துத்தான் அந்த அம்மா டிக்கெட் போட்டாராம். சமையற்காரனை விசாரிக்க மறந்துவிட்டார்.

"மாஸ்டரு, உங்களுக்குத் தெரியாதது ஒண்ணும் இல்ல. ஒரு வாரம் தெரியாத மாதிரி இருந்துடுங்க. ஊர்லதான் பூவப் பாத்தாலே தலைய குனிஞ்சிக்கினு போவுது. நம்மள யாருன்னே தெரியாத எடத்துல கொஞ்சம் மனுஷியா இருக்கட்டும்பா."

பாகு மாவு

அதிரசத்துக்கு வெல்லப் பாகில் கிளறிய மாவை டப்பாவில் அடைத்து எடுத்துப்போவேன். ஏர்போர்ட் ஸ்கேன் மெஷினில் அது எப்படித் தெரியுமோ, ஒவ்வொரு முறையும் என்னை நிறுத்திவிடுவார்கள். இந்த முறை நின்ற அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. டப்பாவைத் திறந்து, விரலால் தொட்டு, அது ஒட்டிக்கொண்டு விடாமல் கையை உதற ஆரம்பித்தார். நான் தமிழில் விளக்க, பாஷா பாய் உருதுவில் விளக்க, கடைசியில் ஒரு துளி வாயில் போட்டுப் பார்த்தார். பிறகு இன்னொரு துளியும் போட்டுக்கொண்டார். வரிசையே சிரித்தது.

நித்யாவும் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. எனக்கு அவமானமாக இருந்த நேரத்தில் சரஸ்வதியம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"பாத்தீங்களா மாஸ்டரு? பங்குனிக்கு அப்பறம் இப்பத்தான்பா."

வீட்டுக்காரர்

டா நாங் நகரத்தில் இறங்கியதிலிருந்து விடாத மழை. பார்க்க வேண்டியதையெல்லாம் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தோம். பேச்சைத் தவிர வேறு பொழுதுபோக்கு இல்லை. ஆற்காட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் கஜேந்திரனும் அவர் மனைவி மல்லிகாவும் எனக்கு முன் சீட்டில். மல்லிகா நல்ல மாதிரி. யார் பசியாக இருக்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்து முறுக்கு கொடுப்பவர். ஆனால் முறுக்கோடு கேள்வியும் வரும். நித்யாவிடம் வீட்டுக்காரர் ஏன் வரவில்லை, என்ன வேலை, பண்டிகை நாளில் தனியாக என்ன செய்வார் என்று அடுக்கிக்கொண்டே போனார். நான் மடியில் பீன்ஸை வைத்து நறுக்கிக்கொண்டிருந்தேன். சரஸ்வதியம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பதில் வராமல் போய்விடக் கூடாதே என்று நான் நறுக்குவதை நிறுத்தினேன்.

பதில் வந்தது. ரொம்ப சாதாரணமாக வந்தது.

"அவருக்கு லீவு கெடைக்கலக்கா. நாம போனதும் ஏர்போர்ட்டுக்கு வருவாரு."

கயிறு

எங்கள் பக்கம் தீபாவளி என்றால் கேதார கௌரி நோன்புதான். புருஷன் நன்றாக இருக்க வேண்டும் என்று பெண்கள் விரதமிருந்து, அதிரசம் படைத்து, கையில் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வார்கள். சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் நோன்பு இல்லை. புருஷனை இழந்தவளுக்கு எந்த வருஷமும் இல்லை. சரஸ்வதியம்மா போட்ட கணக்கில் பூவும் குங்குமமும் மட்டும்தான் இருந்தன. பஸ்ஸே சேர்ந்து நோன்பு எடுக்கும் என்று அவர் நினைக்கவில்லை.

ஓட்டலில் ஒரு ஹாலைக் கொடுத்தார்கள். அதிரசம் சுட்ட புகைக்கு அலாரம் அடித்து, வேலைக்காரர்கள் தீயணைக்கும் சிலிண்டரோடு ஓடிவந்தார்கள். அந்தக் கூத்தெல்லாம் அடங்கி, மல்லிகா கலசம் வைத்து, ஒவ்வொரு பெண்ணாகக் கூப்பிட்டுக் கயிறு கட்ட ஆரம்பித்தார். நித்யா சுவரோரம் நின்றாள். தட்டு எடுத்துவைக்க ஆள் வேண்டும் என்று நான் அவளைக் கூப்பிட்டேன். காதில் விழுந்தது, ஆனால் வரவில்லை. மல்லிகா கூப்பிட்டதும் போனாள். சரஸ்வதியம்மா ஒரு அடி எடுத்துவைத்தார். அப்புறம் அப்படியே நின்றுவிட்டார். நித்யா கையை நீட்டினாள். கஜேந்திரன் போனில் படமெடுத்தார். மல்லிகா முடிச்சுப் போட்டுக்கொண்டே சொன்னார்.

"நல்லா வேண்டிக்கம்மா. ஒன் வீட்டுக்காரருக்கு ஆயுசு கெட்டியா இருக்கணும்."

ஸ்டேட்டஸ்

அந்தப் படத்தை கஜேந்திரன் வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டார். மல்லிகாவின் தங்கையைக் கட்டிக்கொடுத்திருப்பது சின்ன காஞ்சிபுரத்தில். இது பாஷா பாயிடம் விசாரித்த எதிலும் வரவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குள் முதல் போன் சரஸ்வதியம்மாவுக்கு வந்தது, அவர் கொழுந்தனாரிடமிருந்து. செத்தவனுக்கு வருஷம்கூட திரும்பவில்லை, கூத்தடிக்கப் போனீர்களா என்று அவர் கத்தியது அடுப்படி வரை கேட்டது. இரண்டாவது போன் மல்லிகாவுக்கு, அந்தத் தங்கையிடமிருந்து.

மல்லிகா கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அவர் தன் கையிலிருந்த கயிற்றை அவிழ்த்து மேசைமேல் வைத்துவிட்டு அழுதார். கஜேந்திரனுக்குப் போன வருஷம்தான் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருந்தது. தன் நோன்பு கெட்டுப்போனது, புருஷனுக்கு என்ன ஆகுமோ என்று அந்த அம்மா நிஜமாகவே பயந்தார். மற்ற பெண்களும் ஒவ்வொருவராகத் தட்டைத் தள்ளிவைத்தார்கள். அதிரசத்தைப் பரிமாறியவள் நித்யா. பாஷா பாய் எல்லோருக்கும் முன்னால் ஒன்றை எடுத்துத் தின்று காட்டினார். அவரைப் பார்த்து யாரும் எடுக்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் கரண்டியை வீசியிருப்பேன். சம்பளத்துக்கு வந்தவன், கரண்டியைக் கீழே வைத்தேன். கஜேந்திரன் அடுப்படிக்கு வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"மாஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் பொண்ணு கை படாம புதுசா கொஞ்சம் போட்டுக் குடுங்க."

பெட்டி வரும் இடம்

மாவு தீர்ந்துவிட்டது என்று சொன்னேன். டப்பாவில் இருந்தது. அதற்கப்புறம் ஊர் திரும்பும் வரை அந்த இரண்டு பெண்களுக்கும் பக்கத்து சீட்டுகள் காலியாகவே இருந்தன. விமானம் இறங்குவதற்கு முன் சரஸ்வதியம்மா பேப்பர் நாப்கினைத் தண்ணீரில் நனைத்து மருமகளின் குங்குமத்தைத் துடைத்துவிட்டார். பிறகு அந்த நாப்கினை எங்கே போடுவதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

பெட்டிகள் சுற்றி வரும் இடத்தில் நித்யா என் பக்கத்தில் நின்றாள். சரஸ்வதியம்மா தள்ளுவண்டி கொண்டுவரப் போயிருந்தார். துப்பட்டாவுக்குள் மறைத்திருந்த கையில் கயிறு இன்னும் இருந்தது. நான் கூப்பிட்டபோது வந்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்காதே என்று எனக்கு மனசு தாங்கவில்லை. கேட்டும்விட்டேன். அவள் நகர்ந்து வரும் பெட்டிகளையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அந்தக்கா அவரு ஆயுசப் பத்திச் சொன்னாங்கல்ல, அப்ப எனக்கு எதுவுமே ஞாபகத்துல இல்ல மாஸ்டர். அவரு ஊர்லதான் இருக்காரு, லீவுதான் கெடைக்கலன்னு நானே நம்பிக்கினு இருந்தேன். கயிறு கட்டி முடிச்சதும் அவருக்குச் சொல்லலாம்னு போன்ல நம்பர் போட்டுட்டேன்."

நம்மைத் தெரியாத ஊருக்குப் போக எந்த நாட்டுக்கு டிக்கெட் எடுத்தாலும், நம் ஊர் நமக்கு முன்பே பஸ்ஸில் ஏறி ஜன்னலோரமாக இடம் பிடித்துவிடுகிறது.