வெள்ளைத் திரைக்காகக் காத்திருந்தவர்

அரியலூரில் இருந்த அந்த லாரி ஆபீஸின் கணினித் திரை அடிக்கடி வெள்ளையாகிவிடும். அங்கே வேலை பார்த்த பெண் வண்டி எண்ணைத் தட்டுவார். எந்தச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு வண்டி போக வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுப்பார். உடனே திரையில் இருந்ததெல்லாம் மறைந்து ஒரே வெளுப்பாக நின்றுவிடும். அவர் கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார். அங்கே ஓட்டுநர்கள் சீட்டுக்காக நின்றிருப்பார்கள். "என்னங்க, மறுபடியும் வெள்ளையடிச்சுட்டீங்களா?" என்று யாராவது கேட்க, மற்றவர்கள் சிரிப்பார்கள். அன்றைய இணைய வேகத்தில் முழுப் பக்கமும் மேலிருந்து கீழாக இறங்கி வந்து சேர்வதற்குள் அந்தச் சிரிப்பு எரிச்சலாக மாறியிருக்கும். அந்த மென்பொருளைச் செய்துகொடுத்த நிறுவனத்தில் இருந்த நான், அந்த வெள்ளைத் திரையை ஒழித்துக்கட்டத்தான் வேலை செய்தேன். அதை நம்பியிருந்த ஒருவர் எங்கள் ஆபீஸிலேயே இருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

அவர்தான் எங்கள் நிறுவனத்தை நடத்தியவர். மேடம் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். என்னைவிடச் சற்றே மூத்தவர். குன்னம் பக்கம் பருத்தி விளைவித்த குடும்பம். திருச்சியில் படித்துவிட்டு, சென்னைக்குப் போகாமல் பெரம்பலூரிலேயே ஓர் உரக்கடையின் மாடியில் மென்பொருள் ஆபீஸ் தொடங்கினார். மழைக்காலத்தில் கீழேயிருந்து பூச்சிமருந்து வாடை படியேறி வரும். திருமணத்துக்குப் பிறகு சென்னை வேலையை விட்டுவிட்டுப் பெரம்பலூர் வந்த எனக்கு அந்த ஆபீஸ் ஒரு பெரிய ஆறுதலாக இருந்தது.

நாங்கள் செய்துகொடுத்த எல்லா மென்பொருளும் மேடம் தனியாளாக எழுதிய ஒரு ஃபிரேம்வொர்க்கின் மேல் நின்றன. வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டு, தூண்களும் எழுப்பி வைத்திருப்பதுபோல, எந்த வாடிக்கையாளருக்கும் பொதுவான வேலைகளையெல்லாம் அது பார்த்துக்கொள்ளும். யோசிப்பது முழுக்க சர்வர் என்ற மையக் கணினியின் வேலை. அது அனுப்பும் முழுப் பக்கத்தை வாங்கிக் காட்டுவதோடு பிரவுசரின் வேலை முடிந்தது. அந்த நிரலை முதன்முதலாகப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மரியாதை இன்னும் குறையவில்லை. ஒரு வரிகூட அலங்காரத்துக்காக எழுதப்படவில்லை. பெயர்களைப் பார்த்தாலே என்ன நடக்கிறது என்று புரியும். ஆனால் ஒரு சின்ன மாற்றத்துக்கும் பக்கம் முழுவதும் போய்த் திரும்பி வரவேண்டும் என்பது அதன் பிறவிக்குணமாக இருந்தது.

அஜாக்ஸ் என்ற பேச்சு அப்போது எங்கும் அடிபட்டது. முழுப் பக்கத்தையும் தொடாமல், மாறவேண்டிய பகுதியை மட்டும் பின்னணியில் கேட்டு வாங்கிப் பொருத்திவிடும் முறை அது. ஒவ்வொரு பக்கத்திலும் தனித்தனியாக ஒட்டுப்போடாமல் ஃபிரேம்வொர்க்குக்குள்ளேயே அதைச் சேர்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. மேடம் "செஞ்சு பாரும்மா" என்றார். நானும் உடன் வேலை பார்த்த இன்னொருவரும் அதிலேயே கிடந்தோம். பக்கத்தின் எந்தத் துண்டை மாற்ற வேண்டும் என்று சர்வருக்குத் தெரியவேண்டும். அந்தத் துண்டை மட்டும் அது வரைந்து அனுப்பவேண்டும். அதேசமயம், பயனர் கடைசியாக என்ன தேர்ந்தெடுத்தார் என்பதில் சர்வருக்கும் பிரவுசருக்கும் கணக்குப் பிசகக் கூடாது. பலமுறை பிசகியது. கடைசியில் ஒரு நாள், சுரங்கத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்ததும், பக்கம் அசையாமல், கீழே இருந்த லாரிப் பட்டியல் மட்டும் மாறியது. ஆபீஸில் எல்லோரும் கைதட்டினோம்.

மேடத்தை அழைத்துக் காட்டினோம். முகத்தைத் திரைக்கு மிக அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். "ம், தேர்ந்தெடு" என்றார். "தேர்ந்தெடுத்தாச்சு மேடம்." "எப்ப?" நாங்கள் சிரித்தோம், எங்கள் வேகத்தைப் பாராட்டுகிறார் என்று நினைத்தோம். அவர் சிரிக்கவில்லை. இன்னொரு முறை செய்யச் சொன்னார். பிறகு நிமிர்ந்து, "வேணாம்மா. இப்போதைக்கு இது வேணாம்" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார். காரணம் கேட்டபோது, பழகியவர்கள் குழம்பிப்போவார்கள் என்றார். தான் கட்டியதில் இன்னொருவர் கைவைப்பது பிடிக்கவில்லை என்றுதான் ஆபீஸில் பேசிக்கொண்டார்கள். எனக்கும் வருத்தம்தான்.

அவருடைய பழக்கங்களில் சில மாறியிருந்ததை நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். ஸ்கூட்டரை விற்றுவிட்டார். மாடிப்படி இறங்கும்போது சுவரைத் தடவிக்கொண்டே இறங்குவார். பொழுது சாயும் முன்பே வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். எதிரே வருபவர்களைக் கவனிக்காமல் போவதைத் தலைக்கனம் என்று சொன்னவர்களும் உண்டு. இதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

லாரி முதலாளி பொறுமையிழந்தார். வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகத் தகவல் அனுப்பினார். அவரைச் சமாதானப்படுத்த மேடமும் நானும் ஒரு காலையில் பஸ் ஏறி அரியலூர் போனோம். பேச்சுவாக்கில் அந்தப் புதிய முறையைப் பற்றி மேடமே அவரிடம் சொல்லிவிட்டார். "அதத்தான் காட்டுங்களேன்" என்றார் முதலாளி. மேடம் என் பக்கம் திரும்பி, "போடும்மா, நானே காட்டுறேன்" என்றார். நான் போட்டுக்கொடுத்தேன். அவரே நாற்காலியில் உட்கார்ந்து வண்டி எண்ணைத் தட்டினார். சுரங்கத்தைத் தேர்ந்தெடுத்தார். காத்திருந்தார்.

பட்டியல் வந்துவிட்டது. அவர் காத்துக்கொண்டே இருந்தார்.

"வந்துடுச்சுங்க மேடம்" என்றார் அந்த ஆபீஸ் பெண், தயக்கத்தோடு.

"எங்க?"

கீழே, அவர் பார்வைக்கு நேர் எதிரில் என்று நான் நினைத்த இடத்தில்தான் இருந்தது. அவர் தலையை மெல்ல மேலும் கீழுமாக, ஒரு குழாய் வழியாகத் தேடுவதைப்போல அசைத்துத் தேடினார். அந்த அசைவைப் பார்த்த கணத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முதலாளிக்கு எதுவும் புரியவில்லை. "நல்லா வேகமாத்தான் இருக்கு. இதையே போட்டுருங்க" என்று எழுந்து போய்விட்டார்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். இருபுறமும் மக்காச்சோளம் ஆளுயரத்துக்கு நின்றது. அவர் எதையும் பார்க்கவில்லை. நான் கேட்பதற்கு முன் அவரே பேசினார்.

"ஓரத்துலேருந்து சுருங்கிக்கிட்டே வருதும்மா. நடுவுல மட்டும் கொஞ்சம் இருக்கு. அதுவும் போயிடும்னு டாக்டர் சொல்லிட்டார். மருந்து கிடையாதாம்."

"வீட்டுல தெரியுமா மேடம்?"

"வூட்டுக்காரருக்குத் தெரியும். ஆபீஸ்ல சொல்ல பயம். கண்ணு தெரியாத அம்மா என்னத்த ப்ரோக்ராம் எழுதப்போகுதுன்னு ஒருத்தன் கெளப்பிவிட்டாப் போதும்." பிறகு சொன்னார்: "திரை வெள்ளையா ஆவுறது மட்டும் எனக்கு நல்லாத் தெரியும். அது வெளுத்துத் திரும்பி வந்தா வேலை முடிஞ்சதுன்னு அர்த்தம். அப்புறம் மேலேருந்து நிதானமாத் தேடிப்பேன். நீங்க செஞ்சதுல எனக்கு ஒண்ணுமே நடக்கல."

நான் அந்த வேலையை அப்படியே தூக்கிப்போட்டுவிடலாம் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "எனக்காக அந்த டிரைவருங்க வெயில்ல நிக்கணுமா? நல்ல வேலைம்மா அது. சேக்கத்தான் வேணும். நான் எங்க நிக்கப்போறேங்கறதத்தான் பாக்கணும்."

மறுநாள் காலை எல்லோரையும் உட்காரவைத்து, தன் கண்ணைப் பற்றி அவரே சொன்னார். தலைக்கனம் என்று பேசியவர்கள் தலைகுனிந்து இருந்தார்கள். ஒருவர் அழுதுவிட்டார். "அழுதுட்டு வாங்க, வேலை இருக்கு" என்றார் மேடம்.

அந்த வேலை நாங்கள் நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஒரு மென்பொருளை மேடம் பழக ஆரம்பித்திருந்தார். முழுப் பக்கமும் புதிதாக வந்தால் அது தானாகவே வாசிக்கத் தொடங்கும். ஒரு துண்டு மட்டும் மாறினால் வாயே திறக்காது. பலவிதமாக முயன்று, கடைசியில் ஒரு விதியை மேடம் வைத்தார்: பக்கத்தின் எந்தப் பகுதி மாறினாலும், என்ன மாறியது என்பதை ஃபிரேம்வொர்க் ஒரு வரியில் சொல்லியாக வேண்டும். அந்த வரியை எழுதாமல் யாரும் அஜாக்ஸைத் தொடவே முடியாதபடி நிரலை அமைத்தோம். அந்த வரியை வாசிப்பு மென்பொருள் உரக்கப் படிக்கும். தமிழ்ப் பெயர்களை அது கடித்துக் குதறும். பூலாம்பாடி என்ற ஊர்ப் பெயரை அது உச்சரித்த விதத்தைக் கேட்டு மேடம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்துப் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்லிவிட முடியாது. எங்களிடம் வேலை கொடுப்பதாக இருந்த ஒரு கல்லூரி, செய்தி தெரிந்ததும் மிகவும் அனுதாபத்தோடு பின்வாங்கிக்கொண்டது. அதற்குப் பிறகு கொஞ்ச காலம் நிரல் எழுதுவதையே விட்டுவிட்டார். கணக்கு வழக்கை மட்டும் பார்த்தார். காதில் கேட்டு நிரல் எழுதுவது மூச்சைப் பிடித்துக்கொண்டு நடப்பதுபோல இருக்கிறது என்றார்.

அந்த நாட்களில்தான் லாரி ஆபீஸில் புதிய வடிவத்தை நிறுவினோம். மேடமும் வந்திருந்தார். நான் தடுத்தும் கேட்காமல், முதலாளியிடம் தன் கண்ணைப் பற்றிச் சொன்னார். முதலாளி காதில் செருகியிருந்த பேனாவை எடுத்து மேசையில் வைத்தார். "அட, அதுக்கென்னங்க இப்ப? லாரி ஓட்டுறவனுக்குத்தான் கண்ணு வேணும். நீங்க என்ன லாரியா ஓட்டப்போறீங்க?" என்றார். ஒரு டீ சொன்னார். அவ்வளவுதான். பஸ்ஸில் மேடம் நெடுநேரம் அழுதார். அந்த வாரமே மறுபடி நிரல் எழுத உட்கார்ந்தார்.

இப்போது அவருக்குப் பார்வை முற்றிலும் இல்லை. நான் வேறு நிறுவனத்துக்கு மாறிப் பல காலமாகிறது. இன்று கைபேசியில் எந்தப் பக்கமும் வெளுப்பதில்லை. எல்லாமே துண்டுதுண்டாக, சத்தமில்லாமல் மாறிக்கொண்டே இருக்கின்றன. அந்த மௌனத்தில் எத்தனை பேர் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று சில சமயம் யோசிப்பேன். மேடம் யோசிப்பதோடு நிற்பதில்லை. ஏதாவது ஒரு செயலி வாயடைத்துப் போனால், அதைச் செய்தவர்களுக்கு எங்கே என்ன குறை, எப்படித் திருத்தலாம் என்று விவரமாக எழுதிவிடுவார். போன வாரம் போன் செய்தார். பஸ் டிக்கெட் எடுக்கும் ஒரு செயலியைச் செய்த பெங்களூர் நிறுவனத்துக்கு அப்படி எழுதினாராம். அவர்கள் திருத்திவிட்டு, எங்களோடு வேலை செய்ய வருகிறீர்களா என்று கேட்டிருக்கிறார்களாம்.

"போறீங்களா மேடம்?" என்றேன்.

"பெங்களூருக்கா? இங்க ஆபீஸ யாரு பாக்குறது? அவங்களுக்கு வேணும்னா பெரம்பலூருக்கு வரச் சொல்லும்மா" என்றார். பின்னால் ஏதோ ஒரு கணினி பேசிக்கொண்டிருந்தது. "இரு, என்னமோ சொல்லுது, கேட்டுட்டு வரேன்" என்று போனை வைத்துவிட்டார்.