விஜயநகர் வாஷிங் மெஷினும் நான் இறுக்கச் சொன்ன திருகும்

மக்களே, சுதந்திரம் வந்த புதிதில் மைசூருக்கு வந்த உருளை வாஷிங் மெஷினை நேரில் பார்த்துவிட்டேன், தொட்டுவிட்டேன், பாழாக்கியும் விட்டேன்!

பழைய வாஷிங் மெஷின்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் மூன்று வருடம் வீடியோ பார்த்துக் கற்றது. என் பதிவுகளைப் படித்துவிட்டுப் போன மாதம் கூப்பிட்டார் ஸ்டெல்லா ஆன்ட்டி, ரிட்டையர் ஆன நர்ஸ். அவருடைய அம்மாவும் நர்ஸ். ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்கார நர்ஸ் ஒருவரிடமிருந்து அம்மா வாங்கிய மெஷின் அது. இப்போது வீட்டை விற்றுவிட்டு ஆன்ட்டி ஃபிளாட்டுக்குப் போகிறார். "என் கண் முன்னால ஒரு போர்வைய பிழியட்டும், ஃபிளாட்டுக்கு எடுத்துட்டுப் போ. இல்லன்னா பழைய இரும்புக்கு" என்று அவருடைய அண்ணன் ஜோசப் சொல்லிவிட்டார். பிழிந்து காட்ட நான் கிளம்பினேன்.

சத்தியமங்கலத்தில் நேற்றுக் காலை ஆறரை பஸ். திம்பம், சாமராஜநகர் வழியாக நான்கு மணி நேரம், 180 ரூபாய். (திம்பம் வளைவுகளுக்கு முன்னால் வயிறு நிறையச் சாப்பிடாதீர்கள்.) மைசூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆன்ட்டி வீடு இருக்கும் விஜயநகருக்கு ஆட்டோ 120. எதற்கு வந்தேன் என்று கேட்ட டிரைவர், "துணி தொவைக்கவா இவ்ளோ தூரம்? அரண்மனை பாருங்க சார், சும்னே அலையாதீங்க" என்றார், கன்னடம் கலந்த தமிழில். கேட்டிருக்கலாம்.

மெஷின் அழகு! வெள்ளை எனாமல் தொட்டி, நடுவில் மூன்று இறக்கைகள் முன்னும் பின்னும் சுழன்று துணியை அலசும். மேலே இரண்டு ரப்பர் உருளைகள், எதிரெதிராகச் சுற்றும். ஈரத் துணியை இடையில் கொடுத்தால் அடுத்த பக்கம் தட்டையாக வரும், தண்ணீர் தொட்டிக்கே திரும்பும். அதே சோப்புத் தண்ணீரில் முதலில் வெள்ளை, பிறகு கலர், கடைசியில் கால்மிதி. பட்டனை உள்ளே மடித்துக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் நொறுங்கும்.

உருளைகளை அழுத்திப் பிடிப்பது மேலே இருக்கும் ஒரு திருகு. வேலை முடிந்ததும் அதைத் தளர்த்திவிட வேண்டும். இது எனக்கு நேற்றுத்தான் தெரியும். போன மாதம் போனில், உருளை ஆடாமல் இருக்க நன்றாக இறுக்கி வையுங்கள் என்று சொன்னவனும் நான்தான்.

ஆன்ட்டி போர்வையை நனைத்து வைத்திருந்தார். ஸ்விட்சைப் போட்டேன். ஒரு மாதம் அழுந்தியிருந்த பழைய ரப்பர் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. மேல் உருளையின் ரப்பர் தோல் மாதிரி உரிந்து வந்தது.

"ஆயித்து ஸ்டெல்லா. இனி இதுல சப்பாத்திகூட தேய்க்க முடியாது" என்றார் ஜோசப் அங்கிள்.

ஆன்ட்டி என்னைத் திட்டவில்லை. "நீ சொன்ன மாதிரிதாம்ப்பா இறுக்கினேன். தெனமும் ஒரு தடவ பாத்துக்கிட்டேன், தளர்ந்துடுச்சான்னு."

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. எதையும் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை பழைய இரும்புக்காரர் வருகிறார். பிரிண்டிங் பிரஸ் உருளைக்கு ரப்பர் ஏற்றுபவர் இதற்கும் ஏற்றிவிடலாம்; அப்படி யாரையாவது தெரிந்தால், ஞாயிறுக்குள் கீழே எழுதுங்கள், நாலு பேருக்கு அனுப்புங்கள். உங்கள் வீட்டில் இப்படி ஒரு மெஷின் இருந்தால், படிப்பதை நிறுத்திவிட்டுப் போய் அந்தத் திருகைத் தளர்த்துங்கள்.