சட்டிகளில் வளர்த்த தோட்டம்

அப்பா இறந்த பிறகு எங்கள் தெருவில் எல்லோரையும் நடவுக்குக் கூப்பிட்டார்கள். அம்மாவை மட்டும் கூப்பிடவில்லை. தேவன் எனக்குச் செய்ததைச் சபையாரிடம் சொல்ல வேண்டும் என்றால், அந்த நாட்களிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும்.

எங்கள் ஊர் நீடாமங்கலத்துக்குப் பக்கம். அந்த வருடம் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டவர்களில் அப்பா முன்னால் நின்றார். சம்பா அறுப்புக்கு மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கினார். களத்தில் நடந்த கைகலப்பில் அப்பாவுக்குத் தலையில் அடி. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான் அப்போது அதே ஊரில் மருந்தாளுநர் பயிற்சியை முடிக்கும் தறுவாயில் இருந்தேன். படித்த படிப்பினால், அவர் பிழைப்பது கடினம் என்று அம்மாவுக்கு முன்பே எனக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் முழங்கால் போட்டு அழுது ஜெபித்தேன். அந்த ஜெபம் கேட்கப்படவில்லை. இதைச் சொல்லாமல் மற்றதை மட்டும் சொன்னால் என் சாட்சி முழுமையாகாது.

பயிற்சியை முடித்தும் வேலைக்கான உத்தரவு எனக்கு வரவில்லை. அம்மாவுக்கு அடுத்த ஊரில் வாரம் ஒரு நாள், இரண்டு நாள் வேலை கிடைத்தது. அது சோற்றுக்கே போதவில்லை. வீட்டில் என்ன இருக்கிறது என்று வரிசையாக எண்ணிப் பார்த்தேன். புயலில் விழுந்த பிறகு நாங்கள் புதிதாக எழுப்பிய குடிசை. ஒரு கொல்லை. அதில் துளசி, தூதுவளை, ஆடாதோடை, கற்பூரவல்லி, மரு. ஒரு கறிவேப்பிலை. எல்லாமே சட்டியிலும் உடைந்த பானையிலும்.

ஏன் சட்டியில் என்றால், மனை மிராசுதாருடையது. குடியிருக்கிறவர்கள் தரையில் மரம் வைத்தால் மனைக்கே உரிமை கேட்கிறான் என்பார்கள். ஒரு தென்னம்பிள்ளைக்காக ஊரைவிட்டுப் போன குடும்பம் உண்டு. "எதுவா இருந்தாலும் தூக்கிட்டுப் போற மாதிரி வைங்க" என்பது அம்மாவின் கட்டளை. அப்பா அதற்குத் தலையாட்டுவார். பெரிய பானையில் இருந்த கறிவேப்பிலையை மட்டும் எங்களை நகர்த்த விடமாட்டார். "அது கனம், தொடாதீங்க" என்பார்.

அந்தச் செடிகள்தான் எங்களுக்குக் கைகொடுத்தன. கிளைகளைக் கிள்ளி வைத்துச் சட்டிகளைப் பெருக்கினேன். தூதுவளையையும் ஆடாதோடையையும் நிழலில் உலர்த்தி, பெயர் எழுதிப் பொட்டலமாக்கி, நீடாமங்கலம் நாட்டு மருந்துக் கடையில் கொடுத்தேன். துளசியும் மருவும் பூக்கட்டுகிறவர்களுக்குப் போயின.

"கோயிலுக்குப் போற துளசிய நாம விக்கலாமாங்க?" என்று அம்மா எங்கள் சபை உபதேசியாரிடம் கேட்டார்.

"அதப் படைச்சவர் யாருன்னு அதுக்குத் தெரியும். நீ தண்ணிய ஊத்தும்மா" என்றார் அவர். அப்பா போன பிறகு அம்மா சிரித்தது அன்றுதான்.

அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் தோட்டமே வழி செய்தது. அப்போதுதான் குடியிருக்கும் மனை குடியிருப்பவர்களுக்கே என்று சட்டம் வந்தது. தெருவில் மற்றவர்கள் பெயரையெல்லாம் எழுதிக்கொண்டார்கள். எங்கள் மனைக்கு மட்டும் மிராசுதாரின் காரியக்காரர் ஆட்சேபணை கொடுத்தார். அது களத்தைச் சேர்ந்த இடம், பாவம் பார்த்துச் சமீபத்தில்தான் குடிவைத்தோம் என்றார். குடிசை புதிது. தரையில் ஒரு மரம் இல்லை. நெடுநாளாகக் குடியிருக்கிறோம் என்று காட்ட எதுவும் இல்லை. எங்களுக்காகப் பேசினால் கூலி போய்விடும் என்று தெருவே வாய்மூடி நின்றது. அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. அவர்கள் வீட்டிலும் உலை வைக்க வேண்டுமே.

விசாரணை நாள் காலையில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஜெபித்தேன். "ஆண்டவரே, நாங்கள் இங்கே வாழ்ந்தோம் என்று யாராவது சொல்லட்டும்." வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை.

ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்தார். காரியக்காரர் கொல்லையைக் காட்டி, "பாருங்க சார், எல்லாம் சட்டி. நேத்து வந்தவங்க, நாளைக்கே தூக்கிட்டுப் போயிடலாம்" என்றார். அம்மா தலை குனிந்து நின்றார். காலமெல்லாம் பயந்து நடந்ததே எங்களுக்கு எதிராக நின்றது.

"இடத்த அளக்கச் சங்கிலி போடணும். சட்டியையெல்லாம் ஓரமா எடுங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

நான் குனிவதற்குள், எவ்வளவு சுலபம் என்று காட்டவோ என்னவோ, காரியக்காரரே கறிவேப்பிலைப் பானையைப் பிடித்துத் தூக்கினார். அது அசையவில்லை. மூச்சைப் பிடித்து இழுத்தார். பானையின் ஒரு பக்கம் உடைந்து அவர் கையோடு வந்தது. மண் சரிந்தது. மரம் அப்படியே நின்றது. மணிக்கட்டுப் பருமனுள்ள வேர் நேராகத் தரைக்குள் இறங்கியிருந்தது.

இன்ஸ்பெக்டர் குந்தி உட்கார்ந்து பார்த்தார். "யாரும்மா வெச்சது?"

"இவ எட்டாவது படிக்கறப்ப இவங்கப்பா வெச்சாங்கய்யா."

"கறிவேப்பிலையெல்லாம் ஒரு மரமா சார்?" என்றார் காரியக்காரர்.

"மரமான்னு கேக்கலங்க. நேத்து வந்தவங்க வெச்சா இந்த வேர் வருமா?" என்றார் இன்ஸ்பெக்டர். காரியக்காரர் கையிலிருந்த பானைத் துண்டைக் கீழே போட்டார்.

அவர்கள் போன பிறகு அம்மா மண்ணை விலக்கிப் பார்த்தார். பானைக்கு அடிப்பாகமே இல்லை. வேர் முட்டி உடைந்த அடி அல்ல. வைக்கும்போதே அப்பா சுற்றிலும் தட்டி எடுத்த வட்டம். அம்மா அந்த விளிம்பை விரலால் தடவினார். "எங்கிட்டகூடச் சொல்லலியே" என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அப்பா இறந்தபோது அழாத அழுகையை அன்று அழுதார்.

மனை எங்கள் பெயருக்கு வந்தது. சட்டிகளிலிருந்த செடிகளையெல்லாம் தரையில் நட்டோம். எனக்கு வேலை கிடைத்த பிறகும் தோட்டத்து வரும்படியை விடவில்லை. அது அம்மாவின் கையில் இருக்கிறது. கறிவேப்பிலையைச் சுற்றி மிச்சமிருக்கும் பானையை மட்டும் அவர் எடுக்க விடுவதில்லை. அதன் இலையை விற்பதும் இல்லை. கேட்டு வருகிறவர்களுக்குச் சும்மா கொடுப்பார்.

அப்பாவைத் திருப்பித் தா என்று கேட்டேன், தரவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வலிக்கிறது. ஆனால் எங்களுக்காகப் பேச ஒருவர் வேண்டும் என்று நான் கேட்டதற்கு, நான் சிறுமியாக இருந்தபோதே ஆண்டவர் அப்பாவின் கையைக் கொண்டு ஏற்பாடு செய்திருந்தார். உங்களில் யாருக்காவது ஜெபித்தும் ஒன்றும் அசையவில்லை என்று தோன்றினால், அவரை விட்டுவிடாதீர்கள். எங்கள் கொல்லையிலும் ஒன்றும் அசையாமல்தான் இருந்தது. வேர் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது தினமும் தண்ணீர் ஊற்றிய எங்களுக்கே தெரியவில்லை.